கரடியின் இடது கால்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கழுத்து வலி விட்டதா? அண்ணியின் இருமல் நின்றதா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். போன தடவை இரண்டையும் சேர்த்து "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். எங்கள் குழந்தைகள் நாடக அரங்கில் ஆகஸ்ட் மாதம் ஒரு புது நாடகம். அதில் ஒரு கரடி வருகிறது. பேச்சே கிடையாது, ஆனால் நாற்பது நிமிஷம் மேடையை விட்டு இறங்காது. ஏணி ஏறும், உருளும், கடைசியில் மூன்று சுற்று சுற்றி ஆடும். அந்தக் கரடி நான்தான்.

சிரிக்காதே. பதினான்கு வருஷமாக டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முகமும் இரண்டு கையும் மட்டும்தான் ஊருக்குத் தெரியும். ஒத்திகையில் ஆள் வராத ஒரு நாள் சும்மா ஒரு கை கொடுக்க மேடை ஏறினேன். இயக்குநர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கும் வாங்க" என்றார். அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

இப்போது சிக்கல் உடுப்பில். வாடகைக் கரடி ஒன்று இருக்கிறது. அதன் அக்குள் என் இடுப்பில் வருகிறது, கவட்டி முழங்காலில் வருகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஏணியைப் பார்க்கலாம், ஏற முடியாது. எங்கள் குழுவில் நெட்டை என்று ஒரு நடிகர், அவருக்கு அது ஓரளவு பொருந்துகிறது. உடம்போடு ஒட்டிய உடுப்பு வந்தால் கரடி நான், வராவிட்டால் நெட்டை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். துணி வாங்கியாயிற்று, பழுப்பு நிற ஃபர், ஐந்து மீட்டர். கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே உடுப்பு. தலையை இங்கே செய்துவிடுவார்கள்.

நீ ஆண்களுக்குக் கோட் தைக்கிறவன். கரடியும் பெரும்பாலும் ஆண்தானே. யோசித்து எழுது.

உன் தங்கை,
பாப்பா

பிப்ரவரி 19

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

கழுத்து வலி அப்படியே இருக்கிறது. உன் அண்ணியின் இருமல் போய்விட்டது. தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்.

நாற்பத்தொரு வயதில் கரடி வேஷம். அண்ணி கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "வேஷம்னு ஏன் சொல்றீங்க, கோபம் வந்தா அவ அப்படித்தானே இருப்பா" என்கிறாள். அவளுக்கு நீயே பதில் எழுதிக்கொள்.

தைத்துத் தருகிறேன். முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை, வக்கீல், பேண்டு வாத்தியக்காரர் என்று எல்லாருக்கும் தைத்திருக்கிறேன். தைத்துப் போன கோட் ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. உன் கரடியும் வராது.

ஆனால் உன்னை நான் அளந்து பதினோரு வருஷம் ஆகிறது. கடிதத்தில் எழுதும் அளவை நம்பி ஒட்டிய உடுப்பு வெட்ட முடியாது. உடம்பே வேண்டும். பழைய சட்டை, பேண்ட் போட்டுக்கொண்டு, குழாய்க்குச் சுற்றும் அகல டேப்பைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இறுக்காமல் சுற்றச் சொல். மூன்று அடுக்கு. முதுகில் கத்தரியால் நீளமாக வெட்டிக் கழற்றினால் உன் உடம்பு ஓடு மாதிரி தனியாக வந்துவிடும். அதை அனுப்பு. அதற்குமேல் காகிதத்தில் அளவு வரைய வேண்டாம், அந்த ஓடுதான் கட்டிங்.

இடது பக்கத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உனக்கு நான் தைத்த முதல் பாவாடையிலிருந்து அதை நான்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். கால் ஒன்றேகால் இஞ்ச் குறைவு என்று யாருக்குத் தெரியும்? நின்றால் தெரியாது, படத்தில் தெரியாது. இதிலும் தெரியாது.

உடம்பைக் கவனித்துக்கொள். வெயிலில் அலையாதே.

உன் அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உடம்பு இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் வருகிறது. பார்சல் வாங்கிய தபால்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். "நான்தான்" என்றேன். வேறெப்படிச் சொல்வது?

என்னோடு அறையில் இருக்கும் செவிலிதான் சுற்றினாள். எலும்பு முறிவு வார்டில் வேலை, கட்டுப் போடுவது அவளுக்குக் கை வந்த கலை. இரண்டு மணி நேரம் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நடுவில் மூக்கு அரித்தது, அவளே சொறிந்துவிட்டாள். நான் ஒரு கட்டத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். உடனே முதுகில் ஒரு தட்டு. "ஃபோட்டோவுக்கா நிக்கறீங்க? எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க" என்றாள். அப்படியே நின்றேன்.

முழங்கால், முழங்கை, இடுப்பு மடியும் இடமெல்லாம் கறுப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறாள். இடது, வலது என்று எழுதியும் வைத்திருக்கிறாள். கழற்றிக் காகிதம் திணித்துச் சுவரில் சாய்த்தபோது நான் என்னையே முதல்முறையாகப் பின்னாலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் அண்ணா. நன்றாகத்தான் இருந்தது.

துணியும் அனுப்பியாயிற்று. அண்ணி, கரடிக்குக் கோபம் வருவது உங்கள் வீட்டுக்காரர் அவசரப்படுத்தும்போது மட்டும்தான்.

அன்புடன்,
பாப்பா

ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் மூக்குக்குள் மட்டும் ஃபர்.

கரடி முடிந்தது. நாளை பார்சல் போடுகிறேன். இவ்வளவு நாள் ஏன் என்று கேட்பாய், அதனால் சொல்கிறேன்.

முதல் நாள் பழக்க தோஷத்தில் கத்தரியை எடுத்து ஃபரை வெட்டிவிட்டேன். வெட்டிய ஓரமெல்லாம் கிராப் வெட்டியது போலக் குட்டையாகிவிட்டது. கடை முழுக்க முடி. பக்கத்துச் சலூன்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நமக்கே போட்டியா?" என்றார். நல்லவேளை, அது ஓரத் துண்டு. பிறகு துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து பிளேடால் அடித்துணியை மட்டும் கீறக் கற்றுக்கொண்டேன். முடி ஒன்றுகூட அறுபடாது. முடி போகும் திசையெல்லாம் தலையிலிருந்து தரைக்கு. ஒரு கையை மாற்றி வெட்டியிருந்தால்கூட வெளிச்சத்தில் அந்தக் கை வேறு கரடியின் கையாகத் தெரியும். தைத்து முடித்ததும் ஒவ்வொரு தையலிலும் சிக்கிய முடியை ஊசியால் நெம்பி வெளியே எடுத்தேன். ஒன்பது நாள் அதற்கே போயிற்று. இப்போது தையல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அக்குளில் காற்றுப் போக வலைத்துணி, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங், முதுகில் முடிக்குள் மறைந்த ஜிப்.

ஒரு விஷயம். நீ அனுப்பிய டேப் உடம்பு தபாலில் நசுங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தது. இடுப்பில் ஒரு வெட்டுக் கொடுத்து நிமிர்த்தி ஒட்டி, அதன்மேல்தான் வெட்டினேன். இடது பாதத்துக்குள் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். வெளியே தெரியாது.

கடைக் கண்ணாடி முன்னால் தொங்கவிட்டபோது தெருவே நின்று பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, நானும் வெளியே போய் நின்று பார்த்தேன்.

உன் அண்ணன்

மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பார்சல் பத்திரமாக வந்தது. அரங்கில் பிரித்தபோது எல்லாரும் சுற்றி நின்று தடவித் தடவிப் பார்த்தார்கள். நெட்டை முகத்தைப் புதைத்தே பார்த்தார். இவ்வளவு அழகான வேலையை இங்கே யாரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை இதைப் போட்டுக்கொண்டு ஒத்திகை. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

பாப்பா

மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். தொடங்கத் தயக்கமாக இருக்கிறது.

கரடியைத் திருப்பி அனுப்புகிறேன்.

முப்பது வருஷத்தில் திரும்பி வரும் முதல் உடுப்பு என்னுடையது என்று தெரியும். அதனால்தான் பத்து நாள் எழுதாமல் இருந்தேன். மூன்றாவது சுற்றில் விழுந்தேன். பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்பு, செவிலி பார்த்துவிட்டாள். இடது பாதத்தில் நீ வைத்த ஸ்பாஞ்சு என் காலுக்கும் தரைக்கும் நடுவில் நின்றுகொண்டது. நான் தரையைத் தேடினேன், கிடைக்கவில்லை. முழங்கால் மடியும் இடம் என் முழங்காலுக்குக் கீழே. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் என் இடுப்பு இல்லை. ஹேங்கரில் தொங்கும்போது அதைவிட அழகான கரடி உலகத்தில் கிடையாது. நேராக நிற்கும் ஒரு பெண் இருந்திருந்தால் அவளுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும்.

அண்ணா, தபாலில் எதுவும் நசுங்கவில்லை. அது என் வடிவம்.

உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ தைத்த சட்டைகளின் தோளில் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வைப்பாயே, அதுவும் எனக்குத் தெரியும். இங்கே வந்ததும் முதல் வேலையாகப் பிரித்து எடுத்துவிடுவேன். சேர்ந்த பஞ்சில் ஒரு தலையணையே செய்து வைத்திருக்கிறேன். உன் மனம் நோகுமென்று சொல்லவில்லை. இப்போதும் நோகும். ஆனால் இந்தக் கரடி எனக்கு வேண்டும். இந்த வேஷத்தை எனக்கு யாரும் பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை. நான் மேடையில் நடந்ததைப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்த நடையை மறைக்கிற உடுப்பு எதற்கு?

செவிலி மறுபடியும் சுற்றிவிட்டாள். அந்த உடம்பும் இதே பார்சலில் வருகிறது. இதையாவது நிமிர்த்தாதே. ஜூலை நடுவில் உடுப்பு கையில் இல்லாவிட்டால் நெட்டைதான்.

உன் தங்கை

ஜூன் 21

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

உன் முழங்கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். ஒரு மாதமாக உனக்குப் பதில் இல்லை, நீ என்ன நினைத்துக்கொண்டிருப்பாயோ என்று நானே பேனாவை எடுத்துவிட்டேன். இது அவருக்குத் தெரியாது.

பார்சல் வந்த அன்று பிரித்தார், பார்த்தார், கட்டினார், பீரோ மேல் ஏற்றினார். உன் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. நானாகத் தேடிப் படித்தேன், என்னைத் திட்டாதே. ஒரு வாரம் கடையில் பட்டன் மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது நாள் அந்த டேப் உடம்பை எடுத்துக் கடை நடுவில் நிறுத்தினார். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன, ஒரு மாதிரி நிற்கிறதே என்று கேட்டார்கள்.

போன செவ்வாய் சலூன்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணனுக்கு ஏதும் உடம்புக்கு முடியலையாம்மா? மத்தியானத்துல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மாதிரி நடக்கிறாரு" என்றார். போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது செருப்பின் அடியில் அட்டையை மடித்து ஒன்றேகால் இஞ்சுக்குக் கட்டியிருக்கிறார். கட்டிக்கொண்டு மேஜையிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து மேஜைக்கும் நடக்கிறார். நடுநடுவே நின்று, இடுப்பில் சாக்பீஸால் தன் சட்டை மேலேயே கோடு போடுகிறார். ஒரு சுற்று சுற்றியும் பார்த்தார், விழப் போய் இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார்.

உள்ளே போனேன். என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை. "அவ திரும்பும்போது எந்தக் காலை முதல்ல ஊன்றுவா, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"உங்க தங்கச்சி. என்னைக் கேக்கறீங்களே" என்றேன்.

"நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. வேற பக்கம் பார்த்துக்குவேன்" என்றார்.

இடது காலைத்தான் முதலில் ஊன்றுவாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரிதானே? தப்பென்றால் உடனே தந்தி மாதிரி ஒரு வரி எழுது.

அண்ணி

ஜூலை 2

பாப்பாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் முழங்கையைப் பற்றி எழுது.

கரடி நாளை கிளம்புகிறது. பழையதைத் தையல் தையலாகப் பிரித்தேன். உடம்புப் பகுதி, வலது கை, வலது கால் பழைய துணி. இடது பக்கம் மீதித் துணியில் புதிதாக வெட்டினேன். கீழே உள்ளதைக் கவனமாகப் படி.

இரண்டு காலும் இரண்டு கட்டிங். ஒன்றை மற்றதன்மேல் வைத்துப் பார்க்காதே, பொருந்தாது. இடது முழங்கால் மடிப்பு செவிலி போட்ட கோட்டில் இருக்கிறது. இடது இடுப்பில் உள்ளே ஒரு பட்டை அதிகம் விட்டிருக்கிறேன், சுற்றும்போது அது விரியும், நிற்கும்போது முடிக்குள் ஒளிந்துகொள்ளும். கவட்டியில் சதுரத் துண்டு வைத்திருக்கிறேன், ஏணிக்கு. பாதத்தில் ஸ்பாஞ்சு இல்லை. மெல்லிய தோல் மட்டும், தரை தெரியும். தோளில் ஒன்றும் வைக்கவில்லை. சரிகிற இடத்தில் முடியும் சரிந்தே போகிறது.

இரண்டாவது உடம்பை நிமிர்த்தவில்லை. அது இன்னும் கடையில்தான் நிற்கிறது.

கழுத்துக்கு உள்ளே கடையின் பெயர்த் துண்டைத் தைத்திருக்கிறேன். வழக்கமாகக் கோட்டில் மட்டும் வைப்பது. முதல் தடவை வைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்.

அந்தத் தலையணையின் நீள அகலம் எழுது. உறை தைத்து அனுப்புகிறேன்.

அண்ணன்

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன். அங்கே எப்படி என்று எழுதுங்கள்.

அண்ணா, காலை உள்ளே விட்டேன், கையை விட்டேன், செவிலி ஜிப்பை இழுத்தாள். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. உட்கார்ந்தேன், குனிந்தேன், குந்தினேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு கரடி என் மாதிரியே நிற்கிறது. செவிலி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஜிப்பைத் தேடறதுக்கே ஒரு ஆள் போடணும்" என்றாள்.

ஏணி ஏறினேன். உருண்டேன். மூன்று சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்றினேன், நிறுத்த மனம் வரவில்லை. இயக்குநர் ஒத்திகையை நிறுத்திவிட்டு எல்லாரிடமும், "இந்தக் கரடிக்குன்னு ஒரு நடை இருக்கு. யாரும் அவங்களுக்கு யோசனை சொல்லாதீங்க" என்றார். நெட்டை இப்போது மரமாக நடிக்கிறார். "மரத்துக்கும் உங்க அண்ணனே தைப்பாரா?" என்று கேட்கிறார்.

அண்ணி, உங்கள் ரகசியத்தை உடைக்கிறேன், என்னைத் திட்டாதீர்கள். இடது கால்தான். ஜன்னல் வழியாகப் பார்த்ததற்கும் சொன்னதற்கும் உங்களுக்கு ஒரு முத்தம்.

முதல் காட்சி ஆகஸ்ட் 9, காலை பத்தரை. நீ கடையை அடைத்ததே இல்லை என்று தெரியும். அன்றைக்கு அடை.

தலையணை: நீளம் பதினான்கு, அகலம் பத்து.

பாப்பா

ஆகஸ்ட் 12

அன்புத் தங்கைக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தோம். அண்ணிக்கு ரயில் காற்றில் லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி சுகம். நீ நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடு. நாற்பது நிமிஷம் அந்த ஃபருக்குள் இருப்பது விளையாட்டல்ல.

நாடகம் முடிந்து நாம் சாப்பிடப் போனபோது நான் ஜிப்பைப் பற்றி மட்டுமே பேசினேன் என்று அண்ணி வழியெல்லாம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் சொன்னது சரி. எதிரில் உன்னை வைத்துக்கொண்டு எனக்கு வார்த்தை வரவில்லை. எழுதினால் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ மேடைக்கு வந்ததும் முதல் ஐந்து நிமிஷம் நான் தையலைப் பார்த்தேன். தொழில் புத்தி. எங்கேயாவது சுருக்கம் விழுகிறதா, இடுப்புப் பட்டை விரிகிறதா என்று. பிறகு தையலைப் பார்ப்பது மறந்துவிட்டது. நீ நடப்பதைப் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்னத்தைப் பார்க்காமல் இருந்தேன் என்று இருந்தது. நீ சுற்றி ஆடியபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன், அண்ணிதான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். கர்வத்தில்தான் எழுந்தேன். உடுப்புக்காக இல்லை.

நீ உள்ளே உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் நான் வாசலில் நின்றேன். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்த ஒருவன் இடது தோளைச் சாய்த்து, ஒரு காலை லேசாக எடுத்து வைத்து நடந்தான். எனக்குச் சுரீரென்றது. உன் பள்ளிக்கூட வாசலில் உன் பின்னாலேயே அப்படி நடந்து காட்டிய இரண்டு பேரை நான் அடித்தது உனக்குத் தெரியாது, சொன்னதில்லை. அதே கை ஓங்கப் பார்த்தது. அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கிண்டல் இல்லை. இரண்டு கையையும் நகம் மாதிரி மடக்கி வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சரியாக வர வேண்டுமே என்று கவனமாக நடந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் நாலைந்து. படிக்கட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்தத் தெரு முழுக்க உன் நடை பாப்பா.

அவனுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்தார். "ஏன்டா காலை இழுக்கிற, ஒழுங்கா நட" என்றார். அவன் நிற்கவே இல்லை. "நான் ஒழுங்காத்தான் நடக்கிறேன். கரடி மாதிரி" என்றான்.

எனக்கு என்ன ஆயிற்றோ, நேரே அந்த அம்மாவிடம் போனேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசுகிறவன் இல்லை, உனக்கே தெரியும். "அந்தக் கரடி என் தங்கச்சிங்க" என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், மகனையும் பார்த்தார். "அப்படிங்களா? வேஷத்துக்காக இப்படி நடந்தாங்களா, இல்ல எப்பவுமே இப்படித்தான் நடப்பாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் உனக்குத் தைத்தேன். ஆனால் அன்றைக்கு அந்த வாசலில், அவருக்குக் காது கேட்காதோ என்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

"எப்பவும் இப்படித்தாங்க."

உன் அண்ணன்